படிக்கலாமா வேண்டாமா என்று ஓர் அட்டவணை

அலுவலகத்தில் அவருக்கு 'யோசனை' என்று பெயர். சட்டை வாங்கக்கூட நல்லது கெட்டது எழுதி அட்டவணை போடுகிற மனுஷர். பதினாறு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் இருந்தார். வருஷக் கடைசியில் குழுவைக் கலைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. நாற்பத்திரண்டு வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

புதிதாக ஒரு கணினி மொழி கற்றால் பிழைத்துக்கொள்ளலாம். அவர் கண் வைத்ததோ ஒரு மூலையில் கிடந்த மொழி. அது தெரிந்தவர்களையெல்லாம் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதைப் படித்தால் பிரயோஜனம் உண்டா? கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதினார். வேலை விளம்பரங்களைத் துழாவி, அந்த மொழியைக் கேட்பவை எத்தனை என்று தினமும் காலையில் அது எண்ணிச் சொல்லும். பெரும்பாலும் பூஜ்யம்தான். அட்டவணையில் ஏற்றிக்கொள்வார். நிரல் சண்டித்தனம் செய்தால் ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் மல்லுக்கட்டிச் சரிசெய்வார். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் நிரல் 'ஒன்று' என்றது. 'போதாது' என்று குறித்துவிட்டுக் கிளம்பினார். யார் கொடுத்த விளம்பரம் என்று பார்க்கவில்லை. எண்ணிக்கைதானே முக்கியம்!

கொடுத்தது அவருடைய அலுவலகமேதான். மத்தியானம் மேலாளர் எல்லாரையும் கூட்டி, புதுக் குழுவில் ஓர் இடம் இருக்கிறது, வெளியாளை எடுப்பதற்கு முன் நம்மில் யாருக்காவது இந்த மொழி தெரியுமா என்று கேட்டார். யோசனை குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பதா வேண்டாமா என்றே இன்னும் முடிவாகவில்லையே.

சாயங்காலம் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவர், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, தினம் காலைல ஓட விடுறீங்களே, அதை எந்த மொழில எழுதினீங்க?"

"அது... மொழி எப்படி இருக்குன்னு பாக்கலாமேன்னு, சும்மா அதுலயே எழுதினேன்."

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் அட்டவணையைத் திறக்காமல் நேரே மேலாளர் அறைக்குப் போய் நிரலைக் காட்டினார். மேலாளர் வரி வரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எவ்வளவு நாளா உங்களுக்கு இந்த மொழி தெரியும்?"

"ஒன்றரை வருஷமா சார்."

அந்தச் செய்தி அவருக்கே நேற்றுச் சாயங்காலம்தான் தெரியும்.