அம்மா ஊரை உடைத்ததற்கு முதல் பரிசு

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எங்கள் அம்மா பிறந்த ஊரை உடைத்ததற்காக எனக்குப் பரிசு கொடுத்தார்கள். கைதட்டி வேறு கொடுத்தார்கள்!

அம்மாவுக்கு விருத்தாசலம் வாக்கப்பட்ட ஊர்தான். பிறந்தது தெற்கே, கடலோரச் சதுப்புக்கு நடுவில் இருந்த ஒரு திட்டில். மொத்தமே ஒன்பது வீடு. பக்கத்திலேயே ரயில் போகும் தூக்குப்பாலம். படகு வந்தால் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து எழும்பும். அது எழும்பினால் ஆம்பளைகள் வந்துவிட்டார்கள் என்று ஒன்பது அடுப்பிலும் உலை வைப்பார்களாம். ஒருநாள் அதிகாரிகள் வந்தார்கள். பாலத்தைப் பலப்படுத்தணும், இது பட்டா இல்லாத புறம்போக்கு, கிளம்புங்கள் என்று விரட்டிவிட்டார்கள். என்ன நியாயம் இது? போன மாதம்கூட செல்போன் மேப்பில் தேடினேன். பாலம் இருக்கிறது, பக்கத்தில் வெறும் தண்ணீர்.

ஆறாவது படிக்கும்போது பள்ளிக் கண்காட்சிக்கு அந்தப் பாலத்தைக் களிமண்ணில் செய்தேன். அப்பாவுக்குப் பீங்கான் பட்டறையில் சூளை வேலை. பாலத்தை ஒட்டி அம்மா அந்தத் திட்டையும் மண்ணில் பிடித்து வைத்தாள். "இது ஒங்க பெரியம்மா வூடு. கொஞ்சம் தள்ளி வைடி, நடுவுல வலை காயணும்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் இடம் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அப்பா பதமாகச் சுட்டுக்கொண்டு வந்தார்.

கண்காட்சியன்று காலையில் தலைமை ஆசிரியர் குனிந்து பார்த்தார்.

"பாலம் நல்லாருக்குது. பக்கத்துல என்னா இது?"

"எங்கம்மா ஊரு சார்."

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை ஓட்டினார். "அப்படி ஒரு ஊரே இல்லியே! பெரிய ஆபீசருங்க வராங்க. எடுத்துடு."

பாவி, நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பழுதான சாமானைப் பட்டறையில் சுத்தியலால் தட்டி உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் ஆச்சே! பாலத்தில் கீறல்கூட விழாமல், ஒரே தட்டில் திட்டைப் பிரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கெட்டிக்காரி என்றார் சார்.

சாயந்தரம் பாலத்தையும் பரிசு டம்ளரையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா டம்ளரைத் தொடவில்லை. உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"யாருடி ஒடைச்சது?"

"நான்தாம்மா! பாலத்துக்கு ஒண்ணுமே ஆவலை, பாரு!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். முதல் பரிசு வாங்கி வந்திருக்கிறேன், இப்படி அழுகிறாளே என்று எனக்கு அம்மா மேல்தான் கோபம் கோபமாக வந்தது.