போன வருஷமும் வந்த பெண்

அக்காவுக்கு அந்தக் கல்லூரியில் கணக்குப் படிக்க வேண்டும். மெட்ராஸில் அதைவிட நல்ல இடம் கிடையாது என்று டீச்சர் சொல்லி வைத்திருந்தார். சீட்டோ கொஞ்சம், கேட்பவர்களோ ஏராளம். மார்க்கைப் பார்த்துப் பாதிப் பேரைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை நேரில் கூப்பிட்டுப் பேசித்தான் எடுப்பார்களாம். அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நேரில் எதைப் பார்ப்பார்கள் என்பதில் எங்கள் ஊர் கோட்டைக்குப்பமே இரண்டுபட்டது. இங்கிலீஷ்தான் முக்கியம் என்றார் மீன் வண்டி ஓட்டும் சித்தப்பா. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் வண்டியின் பின்னால் எழுதியிருந்ததுதான். பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாமல் நடக்காது என்றார் மாமா. அம்மா யாரோடும் வாதாடவில்லை. அக்காவின் தலையில் எண்ணெயை வழிய வைத்து இரண்டு பின்னல் போட்டு அனுப்பினாள். எனக்கு ஒன்பது வயது. நானும் வருவேன் என்று அழுது, நைனாவோடும் அக்காவோடும் பஸ் ஏறிவிட்டேன்.

கல்லூரி வராந்தாவில் எங்கள் பெஞ்சில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு முறுக்குக் கொடுத்தாள். போன வருஷமும் வந்து, சீட்டுக் கிடைக்காமல், ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வந்திருக்கிறாளாம். அக்கா அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

அக்கா உள்ளே போய்ச் சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

"இன்னா கேட்டாங்க?" என்றார் நைனா.

"கணக்கு கேட்டாங்க நைனா, எல்லாம் சொல்லிட்டேன். கடைசியா, வெளிய இருக்கறவங்கள வுட்டுட்டு ஒனக்கு ஏன் சீட்டு குடுக்கணும்னு கேட்டாங்க. இந்தக்கா போன வருசமே வந்து திரும்பிப் போனவங்க, மொதல்ல இவங்களுக்குக் குடுங்க, அப்பால எனக்குன்னு சொன்னேன்."

நைனா யோசிக்கவே இல்லை. "கரெக்டாத்தான் சொல்லிக்கிற" என்றார்.

எங்கள் ஊரில் வேறு பதில் கிடையாது. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் பாடு என்று முறை வைத்திருந்தார்கள். இன்று இவர், நாளை அவர். காற்றாலோ வீட்டில் சாவு விழுந்தோ ஒருவர் முறை தவறிப்போனால், அடுத்த தடவை முதலில் அவருக்கு விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வலை இறக்குவார்கள். யார் கெட்டிக்காரர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பெஞ்சில் இருந்த அந்தப் பெண் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க போய் அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றாள் மெதுவாக.

சில நாள் கழித்து முடிவு வந்தது. பழவேற்காட்டு பஜாரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடையில் போய்ப் பார்த்தோம். அக்கா பெயர் இல்லை. அதற்கு அவள் அழவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைத் தேடி, அதுவும் இல்லை என்று தெரிந்தபோதுதான் அழுதாள்.

"அட்த்த தடவ மொத முறை ஒனக்குத்தான்க்கா" என்று நான் தேற்றினேன்.

"ஆமா, நம்ம முறை எங்க போய்டும்?" என்றார் நைனா.

எதைப் பார்த்து எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா சொன்ன பதில்தான் கெடுத்ததா, அவள் உள்ளே போவதற்கு முன்பே முடிவாகிவிட்டதா, அதுவும் தெரியாது. அப்படி ஒரு பதிலைக் காதால் கேட்டும் அவளை விட்டுவிட்டார்களே என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா பொன்னேரியில் வேறொரு கல்லூரியில் சேர்ந்தாள். மறு வருஷம் சேர்க்கைக் காலம் வந்தது. செல்போனைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தொழிலுக்குப் போகும் நைனா, அந்த மாதம் முழுவதும் அதை வீட்டில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "காலேஜ்லேந்து கூப்ட்டா எடுத்துப் பேசு. நைனா ஏரிக்குப் போய்க்கிறார்னு சொல்லு" என்பார். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பஸ்ஸுக்குக் கிளம்பும் அக்கா என்னைப் பார்ப்பாள். பையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

நைனா அவ்வளவு உறுதியாகச் சொன்னதால், கல்லூரியில் யாரோ அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவராகவேதான் நம்பிக் காத்திருந்தார் என்பதும், அந்த போன் வராது என்று தெரிந்த அக்காவுக்கு அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை.