தோற்றதற்கு மறுநாள்

ஒரே ஒரு முறைதான் நான் எம்.எல்.ஏ.வாக இருந்தேன். அதற்கு முன்னால் கவுன்சிலர். அதற்கும் முன்னால் பெங்களூரு ஜீவனஹள்ளியில் வீட்டிலிருந்தே ஊதுபத்தி உருட்டியவள். சட்டசபையில், விதான சௌதாவில், முதன்முதலாகப் பேசியபோது என் கன்னடத்தில் தமிழ் எட்டிப் பார்த்தது, சிலர் சிரித்தார்கள். நான் சாக்கடைக் குழாய் பற்றிய கேள்வியை விடவில்லை. குழாயும் வந்தது. ஆனாலும் அடுத்த தேர்தலில் தோற்றேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. "இன்னிக்காவது சூடா சாப்பிடு" என்று என் கணவர் தோசை வார்த்துக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். தெரு கூட்டும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தாள். சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு ஏணியிலேருந்து வுழுந்துட்டாரு. ஆஸ்பத்திரில கெடக்குறாரு, யாரும் கண்டுக்க மாட்டேன்றாங்க."

"நான் இப்ப எம்.எல்.ஏ. இல்லம்மா."

"தெரியும்க்கா. ஜெயிச்சவரு வூட்டுக்குத்தான் மொதல்ல போனேன். மாலை போட ஒரே கூட்டம், உள்ளயே விடல." கொஞ்சம் தயங்கினாள். "அவருக்குத் தோரணம் கட்டப் போயித்தான் இவரு வுழுந்தாரு."

சுருக்கென்றது. கணவர் தோசைத் திருப்பியோடு என்னைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

ஆட்டோவில் போகும்போதே, தெரிந்த அதிகாரி ஒருவருக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்கு நீண்ட வரிசை. அதில் போய் நின்றேன். இந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ பேருக்காக இங்கே போன் செய்திருக்கிறேன், வரிசையில் நின்றதில்லை. கவுண்டரில் இருந்தவர் நிமிராமலே, "நீவு யாரம்மா?" என்று கேட்டார்.

"பக்கத மனெ" என்றேன். பக்கத்து வீடு.

அந்த வார்த்தை வாயில் லேசாக இருந்தது. சீட்டைக் கொடுத்தார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். கால் எலும்பு முறிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் கட்டுப் போட்டார்கள், படுக்கையும் கிடைத்தது. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மாஜி எம்.எல்.ஏ.ன்னு சொல்லியிருந்தா சீக்கிரம் ஆயிருக்கும்லக்கா?"

"சொல்லியிருந்தா, எப்படித் தோத்தீங்கன்னு கத கேட்டிருப்பாங்க. இன்னும் லேட்டாயிருக்கும்."

வலியோடு சிரித்தார். "அடுத்த தடவ உங்களுக்குத்தான்க்கா ஓட்டு."

"மொதல்ல கால ஊனி நில்லுங்க."

அடுத்த தடவை கட்சி எனக்கு சீட் தரவில்லை. அன்று மட்டும் கொஞ்சம் அழுதேன். இப்போதும் காலையில் யாராவது வந்து கூப்பிடுகிறார்கள்: ரேஷன் ஆபீஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி. சிபாரிசுக் கடிதம் யாரும் கேட்பதில்லை, துணைக்குத்தான் கூப்பிடுகிறார்கள். முட்டி வலி இல்லாத நாட்களில் போய் வருகிறேன்.