அப்பா வாய் திறந்தபோது வந்த பாட்டு

அப்பா மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு எதிர் மலையில் வெட்டுகிறவரிடம் பேசிப் பேசி, வீட்டுக்குள் வந்தாலும் அதே தொண்டைதான். தேத்தண்ணி கேட்டால் எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும். "மெதுவாப் பேசுங்கப்பா, பக்கத்து வீட்டுல சிரிக்கிறாங்க" என்று நான் சொன்னால், "சிரிக்கட்டும், அவங்க வீட்டுச் சோத்தையா நான் திங்கிறேன்?" என்பார். அதையும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார்.

அந்தத் தொண்டையைத்தான் கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். வெற்றிலை, புகையிலை, பீடி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. உயிர் தப்பியது, குரல் போயிற்று. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. அப்போது அக்காவின் மகள் கைக்குழந்தை. இப்போது அவளுக்கு நாலு வயது. தாத்தாவின் குரல் அவளுக்கு நினைவே இல்லை. துணி அசைந்து காற்று புஸ்ஸென்று வந்தால் ஓடிப்போய் அக்காவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். எத்தனை டொபி வாங்கிக் கொடுத்தாலும் கையை மட்டும் நீட்டுவாள், கிட்டே வரமாட்டாள். ஆப்பரேஷனைத் தாங்கிய மனுஷனால் இதைத் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குழந்தையைக் காட்டினார். தன் கழுத்தைத் தொட்டார். பிறகு அக்காவின் அலுமாரியைக் காட்டி, ஒரு கண்ணை மூடி, கையை முகத்துக்கு நேரே பிடித்தார். கேமரா. எனக்கு உடனே புரிந்தது. அக்காவின் கல்யாண வீடியோவில் அவருடைய குரல் இருக்கிறது. பேத்தி அதை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அந்தக் கல்யாணத்தை மாமாதான் எடுத்தார். குவைத்திலிருந்து லீவில் வந்தபோது கையடக்கமான ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்திருந்தார். மறுநாள் அதன் சின்னத் திரையில் எல்லாரும் முட்டி மோதிக்கொண்டு பார்த்தோம். பாதி நேரம் அப்பாதான் இருந்தார். சோற்று அண்டாவின் பக்கத்தில் நின்று ஊரையே ஏசிக்கொண்டிருந்தார். பருப்பு தண்ணியாகிவிட்டது என்று சமையல்காரருக்கு ஏச்சு. மேளக்காரருக்கு ஏச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்து இறங்கும் நேரத்தில் குடித்துவிட்டு வந்து நின்ற அண்ணனுக்குப் பெரிய ஏச்சு. எல்லாம் முடிந்து, கேமரா பிடித்த மாமாவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "பாப்பா, நீ சாப்புட்டியா? வா, வந்து உக்காரு" என்றார். அது மட்டும் கொஞ்சம் தணிந்த குரல்.

மாமா கேமராவை எங்களிடம் விட்டுவிட்டுத் திரும்பப் போய்விட்டார். கேமரா அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துச் செத்துப்போனது. அதிலிருந்த மெமரி சிப் மட்டும் அக்காவின் மூக்குத்தி டப்பாவில் கிடந்தது. அதை என் ஃபோனில் போட்டுப் பார்த்தேன். வெறும் இலக்கம் போட்ட ஃபைல்கள், எல்லாம் எம்.டி.எஸ் என்கிற கேமரா வகை. ஃபோனில் திறக்கவில்லை. டிவியிலும் திறக்கவில்லை.

நான் அவிசாவளைப் பக்கம் ஒரு தையல் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். நான் தங்கியிருக்கும் போர்டிங்கில் ஒரு பிள்ளையிடம் லேப்டொப் இருக்கிறது. எம்.டி.எஸ்ஸை எம்.பி.ஃபோர் ஆக்குவது பெரிய வித்தை இல்லை. சோற்றை ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு மாற்றுகிற மாதிரி. சரியாக மாற்றினால் படமும் சத்தமும் அப்படியே இருக்கும். பஸ்ஸில் தொலைந்துவிடுமோ என்று சிப்பை டப்பாவிலேயே வைத்து, அடுத்த ஞாயிறு லேப்டொப்பைக் கொண்டுவருகிறேன், அதுவரை சிப்பை யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இவ என்னா பெரிய ஸ்டூடியோவா வச்சிருக்கா? டவுன்ல குடுத்தா சூப்பரா செஞ்சு தருவானுங்க" என்று சிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மரியாதைக்கு அண்ணனை 'அவர்' என்று எழுத வேண்டும். கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் லேப்டொப்போடு வந்தபோது வேலை முடிந்திருந்தது. டிவியில் பென் டிரைவைக்கூடச் செருகிவிட்டான். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துக்குப் புதுத் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். குழந்தையை அக்கா மடியில் வைத்து, "இப்ப தாத்தா பேசுவாரு பாரு" என்றாள். பக்கத்து வீட்டு ஆட்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடியோ என்றால் பாட்டு. சடங்கு, கல்யாணம், காது குத்து, எதுவாக இருந்தாலும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை சினிமாப் பாட்டு ஓட வேண்டும். சாவு வீட்டு வீடியோவுக்குக்கூடச் சோகப் பாட்டு உண்டு. எவருடைய சொந்தச் சத்தமும் அதில் இருக்காது, இருக்க வேண்டும் என்று எவரும் கேட்டதும் இல்லை. நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் இந்த வீடியோவுக்கு அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரையில் ரோஜாப்பூக்கள் பறந்தன. இரண்டு இதயங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ஒரு காதல் பாட்டு ஆரம்பித்தது. அப்பா அண்டாவின் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பாடகரின் தேன் குரல் வந்தது. வாசலில் நின்றவர்கள், "நல்ல பாட்டு" என்றார்கள்.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. சத்தம் குறைவு என்று நினைத்துவிட்டார். என்னைப் பார்த்துக் கையை மேலே மேலே தூக்கினார். நான் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டுத்தான் கூடியது. இன்னும் கூட்டச் சொன்னார். கூட்டினேன். கூரைத் தகரம் அதிர்ந்தது. திரையில் அவர் என்னைப் பார்த்து எதையோ கேட்டார், அது 'சாப்புட்டியா' என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அப்பா கையைக் கீழே போட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல், அண்ணன் சிப்பைக் கொடுத்த ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரர் சிங்களவர், நல்ல மனுஷன். உட்காரக் கதிரை போட்டார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம், என்னை நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிட்டார். சத்தத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நங்கி, அது ஒரே கூச்சல். ஜெனரேட்டர் சத்தம், ஒரு மனுஷன் கத்துற சத்தம். நான் சுத்தம் பண்ணிக் குடுத்தேன்" என்றார்.

"அந்த மனுஷன் எங்க அப்பா" என்றேன். அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்தார். வேலை முடிந்தால் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவது வழக்கமாம். பழைய ஃபைல்கள் சிப்பிலேயே இருக்குமே என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "சத்தத்தை வைக்கவா எடுக்கவான்னு உங்க அண்ணன்கிட்ட நான் கேட்டேன் நங்கி. எடுத்துரச் சொன்னாரு" என்றார்.

சிப் அண்ணனின் ஃபோனுக்குள் இருந்தது. திறக்காத ஃபைல் இடத்தை அடைக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாட்டாக நிரப்பி வைத்திருந்தான். அவிசாவளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துப் பார்த்தேன். அதன் மேலேயே பாட்டுகளை ஏற்றிவிட்டதால் இனி எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பாவின் மகள்தானே, எனக்கும் அந்தத் தொண்டை உண்டு. "அப்பா எதுக்கு அந்த வீடியோவக் கேட்டாருன்னு உனக்குத் தெரியாதா அண்ணே? தெரிஞ்சுதானே எடுக்கச் சொன்ன?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "உனக்கென்னா, உன்னைய பாப்பான்னு கூப்புட்டாரு. என்னைய என்னா சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? மாப்பிள்ள வீட்டு ஆளுங்க முன்னுக்கு, 'இது எனக்குப் பொறந்ததே இல்ல'ன்னாரு. அதையும் டிவியில போட்டு லயத்துக்கே காட்டணுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஒரு துண்டை வெட்டியிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன். அவன் மனுஷனின் முழுக் குரலையும் வெட்டினான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசுவதில்லை. அக்கா சமாதானம் பேசிப் பார்த்துக் களைத்துவிட்டாள்.

குழந்தைக்கு அந்த வீடியோ பிடித்துப்போனது. காலையும் மாலையும் போடச் சொல்லி அடம் பிடிக்கிறாள். போன முறை நான் வீட்டுக்குப் போனபோது, அவள் அப்பாவின் பக்கத்தில், அவர் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி அசைந்தது, காற்று புஸ்ஸென்றது. அவள் அசையவில்லை.

"சித்தி, தாத்தா முன்னாடி எவ்வளவு அழகாப் பாடியிருக்காரு!" என்றாள்.

அது தாத்தா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற அளவுக்குப் பிடித்தார். பிறகு குழந்தையைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

"பாடுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு அவளே அந்தக் காதல் பாட்டை ஆரம்பித்தாள். வாழ்நாளில் ஒரு வரி பாடியிராத அப்பா, அவள் பாட்டுக்கு ஏற்றபடி வாயைத் திறந்து திறந்து மூடினார். வரிகள் அவருக்குத் தெரியவில்லை, தப்புத் தப்பாக அசைத்தார். அவள் கைதட்டிச் சிரித்துக்கொண்டே அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் மேலும், அந்தப் பாட்டின் மேலும், ஏன், ஒன்றும் அறியாத அந்தக் குழந்தையின் மேலும்கூட எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் வாயை அசைத்துக்கொண்டே இருந்தார்.