எங்கள் அக்கா குளிப்பாட்டிய குழந்தைகள்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இளைய தம்பியின் வணக்கம். நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன். ஊரார் வீட்டுக் கருமாதிப் பத்திரிகைகளைக் கோத்துப் பழகிய கை, இப்போது சொந்தத் துக்கத்தைக் கோக்கிறது. "நல்லது மட்டும் எழுது" என்று எங்கள் அண்ணா சொல்லியனுப்பினார். அப்படியே செய்கிறேன். அக்காவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறொன்றும் கிடையாது.

அக்கா பிறந்தது எண்ணூர்க் கழியோரம். அப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. அம்மா என்னைப் பெற்ற சில நாட்களில் கண்ணை மூடிவிட்டார். பாவாடை கட்டிய பெண்ணாக இருந்த அக்காவின் காலில்தான் நான் குளித்து வளர்ந்தேன். எனக்கு மூத்தவரான அண்ணாவும் அக்கா ஊட்டிய சோற்றில்தான் ஆளானார். அக்காவுக்குக் கல்யாணமாகித் தாலியின் மஞ்சள் காய்வதற்குள் அத்தான் காலராவில் போய்விட்டார். பிறகு அண்ணாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, ராயபுரத்தில் வீடு பிடித்து, அண்ணியும் வந்தார்கள். அக்காவும் நானும் அவர்களோடு இருந்தோம்.

ராயபுரத்தில் அக்காவுக்குப் பெயர் வாங்கித் தந்தது குழந்தைகளைக் குளிப்பாட்டும் கை. "யக்கா, இந்தப் பய கையில நிக்க மாட்டேன்றான், நீ கொஞ்சம் ஊத்தி வுடேன்" என்று காலையில் வாசலில் யாராவது குழந்தையோடு நிற்பார்கள்.

துண்டு, பயத்தமாவு, சாம்பிராணி எல்லாம் கைக்கெட்டும் இடத்துக்கு வந்த பிறகுதான் அக்கா உட்காருவார். குழந்தையைக் காலில் போட்டபின் எதற்காகவும் எழுந்திருக்கக் கூடாது என்பார். கடற்காற்று வராமல் கதவைச் சாத்தச் சொல்வார். அண்டாவில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அப்புறம் வெந்நீரை விட்டு விளாவி, முழங்கையைத் தோய்த்துப் பார்ப்பார். எண்ணெய் பெயருக்குத்தான். அதையும் மாவு போட்டு வழித்துவிடுவார். இல்லாவிட்டால் குழந்தை விலாங்கு மாதிரி நழுவிவிடும். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக் கால் நீட்டி, குழந்தையைக் கிடத்தினால் ஒரு கை அதன் கழுத்தடியை விட்டு நகராது. தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை அணையாக வைப்பார். திமிறுகிற பிள்ளையை அதட்டவே மாட்டார். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, "அடிச்சிக்கினு போவட்டும், தண்ணிதானே, இன்னா போச்சு?" என்று சிரிப்பார். குழந்தை குளித்து முடிப்பதற்குள் அவரும் பாதி குளித்திருப்பார்.

இதில் ஒன்றை உறவினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் மாவும் காலில் குழந்தையுமாக இருப்பவர், நடுவில் வருகிற தண்ணீரைத் தொட்டுப் பார்க்க முடியாது. கொண்டுவந்து ஊற்றுகிறவரை நம்பித்தான் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் ஊற்றியது அண்ணி.

அண்ணாவின் மூத்த மகன் அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தான். அடங்காத பயல். ஒரு சனிக்கிழமை அண்டாத் தண்ணீரை அடித்தே காலி பண்ணிவிட்டான். "அண்டால ஊத்தி விளாவினு வாம்மா" என்று அக்கா சொன்னார். அண்ணியின் தாய்வீட்டார் வரும் நேரம், அண்ணிக்கு அவசரம். அடுப்பிலிருந்த வெந்நீரை விளாவாமலே கொண்டுவந்து அக்காவின் காலில் கிடந்த பிள்ளை மேல் சாய்த்துவிட்டார்கள். முதல் துளி பட்டதும் அக்கா குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பிள்ளையின் தொடையில் ஓர் உள்ளங்கை அகலம் வெந்தது. அக்காவின் இரண்டு கால்களும் முழங்காலிலிருந்து பாதம் வரை வெந்தன.

அந்த அவசரத்தை நான் குற்றம் சொல்லவில்லை. யாருக்கும் நேரக்கூடியதுதான். அதற்கப்புறம் நடந்ததுதான் என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

உள்ளே நுழைந்த அண்ணியின் தாயார், "தாலியத்த கை பட்டா இப்டித்தான் ஆவும்" என்று கூவினார். ஊற்றியது தான் என்று அண்ணி சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணா வந்தார். நான் பக்கத்தில் இருக்கும்போதே அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்.

"யக்கா, அவ மறுபடியும் முழுகாம கீறா. அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா பேசியே சாவடிச்சிடும். பழிய நீ கொஞ்ச நாளு ஏத்துக்கோ. புள்ளைக்கு ஆறட்டும், நானே எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன்."

"சரி நைனா. ஆனா நீ சொல்லணும்" என்றார் அக்கா. நான் குதித்தேன். அவர் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவன் வாயாலதான் வரணும். நீ சொன்னா சண்டையாப் பூடும்."

பிள்ளைக்கு ஆறியது. அக்காவின் கால்களும் தேங்காயெண்ணெயில் ஒருவாறு ஆறின. அண்ணா சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். தெருவில் யாரும் அக்காவிடம் குழந்தையைக் கொடுக்கவில்லை. அண்ணிக்கு அடுத்த குழந்தை பிறந்தபோது குளிப்பாட்ட வேறொரு அம்மாளைக் கூப்பிட்டார்கள். அந்தக் குழந்தை வீறிடும்போதெல்லாம் அக்கா சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒருநாள் என்னிடம், "வாடா, பூடலாம்" என்றார். திருவொற்றியூருக்கு வந்துவிட்டோம்.

அங்கே அப்பளம் இட்டுக் கௌரவமாகப் பிழைத்தார். என் பிள்ளைகளைக்கூட அவர் குளிப்பாட்டவில்லை. நானும் என் மனைவியும் எவ்வளவோ கெஞ்சினோம். தள்ளி நின்று, "கழுத்தடில கை வைம்மா" என்பதோடு சரி. ராயபுரம் போய்வந்தால் என்னை ஒரே கேள்விதான் கேட்பார்: "அண்ணன் சொல்லிட்டானா?"

நெஞ்சுச் சளி முற்றிப் படுத்த கடைசி வாரத்தில் அண்ணா பார்க்க வந்தார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா சாத்துக்குடி உரித்தார், துறைமுகத்தில் கப்பல் வரத்துக் குறைந்துவிட்டதைச் சொன்னார், எழுந்து போனார். அன்றைக்கப்புறம் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அண்ணாவின் மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. சுடுகாட்டில் அந்தப் பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "என்னெ சுட்டவங்களுக்கு நான் வெக்க மாட்டேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை, தெரிந்ததைச் சொன்னான். அவன் தகப்பனார் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் வைத்தேன்.

என்னிடம் சத்தியம் வாங்கியவர் போய்விட்டார். அதனால் எழுதிவிட்டேன்.

இனி நன்றி சொல்லும் முறை. அக்காவின் காலுக்கு வேளாவேளைக்கு எண்ணெய் போட்டுவிட்ட ராயபுரத்துப் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், கடைசி நாட்களில் இரவுபகல் பாராமல் உடனிருந்த திருவொற்றியூர்ப் பெண்களுக்கும், மருந்து கொடுத்த வைத்தியருக்கும், பாடை சுமந்த தோழர்களுக்கும், இம்மலரை வேலை முடிந்தபின் அடித்துத் தந்த அச்சுக்கூட நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணாவும் அண்ணியும் வந்திருந்து சிறப்பித்தார்கள்.

அண்ணன் மகனுக்கு ஒரு வார்த்தை. உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமப்பா. உன் தொடையில் இருக்கும் வடு ஓர் உள்ளங்கை அகலம்தான். மீதி வெந்நீர் யார் மேல் விழுந்தது என்று உன் தகப்பனாரைக் கேள்.