பங்குனியில் வந்த குழு

வசந்தாமணிக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தறிக்கூடத்தின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பேசி அவள் குரல் எப்போதும் கொஞ்சம் ஓங்கியே இருக்கும். ஆனால் அன்று காலை திருச்செங்கோட்டில் நாமக்கல் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, அவள் உதடுகள் சில வாக்கியங்களைச் சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தன. அவை அவளுடைய வாக்கியங்கள் அல்ல. எங்கோ வடக்கே, மத்தியப் பிரதேசத்துப் புழுதியில் நின்றுகொண்டு, அவள் கணவன் தனபால் போனில் சொல்லிக் கொடுத்தவை.

தனபால் போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். இயந்திரத்தின் விசைகளைப் பிடித்து நின்று பூமியைத் துளைப்பவன். பொங்கல் முடிந்ததும் வண்டிகள் வடக்கே கிளம்பிவிடும். மழை இறங்கினால்தான் திரும்பும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வசந்தாமணி தன் கணவனோடு வாழ்ந்ததெல்லாம் மழைக்காலங்களில் மட்டும்தான். அதையும் குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது வந்திருப்பது வேறு கவலை. மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணறுகளால் உயிர் போவதைத் தடுக்க ஒரு மசோதா சட்டமன்றத்துக்கு வந்திருந்தது. அதை உடனே நிறைவேற்றாமல், ஆராய்ந்து சொல்லும்படி உறுப்பினர்கள் அடங்கிய தெரிவுக் குழு ஒன்றிடம் ஒப்படைத்திருந்தார்கள். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து நாமக்கல்லில் அந்தக் குழு கருத்துக் கேட்கும் என்று பத்திரிகையில் வந்தது. மசோதாவின் ஒரு பிரிவு, திறந்து கிடக்கும் குழியில் உயிர் போனால் நிலத்துக்காரருக்கும் இயந்திரத்தை இயக்கியவருக்கும் சிறை என்றது. ரிக் முதலாளியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

கூட்டம் பங்குனியில். பங்குனியில் ஊரில் ஒரு டிரில்லரைக்கூடப் பார்க்க முடியாது.

“நாங்க அத்தன பேரும் இங்க கெடக்கறோம். ஓனருங்க மட்டும் போயி உக்காந்தா அவிய சொல்றதுதான் சட்டமாகும். நீ போயி சொல்லு புள்ள. எடத்தக் காட்டறது நெலத்துக்குச் சொந்தக்காரரு, அந்தக் காட்டுக்காரரு. அனுமதி குடுக்கறது ஆபீசு. போட்டது போதும், கெளம்புன்னு சொல்றது ஓனரு. நாங்க வெறும் கை. எங்க பேர எடுத்துருங்கன்னு சொல்லு” என்றான் தனபால்.

வெறும் கை. அந்தக் கைக்கு விலங்கு மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தே அவள் அந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்தாள்.

கலெக்டர் ஆபீசில் காலையிலேயே பெயர் பதிந்துகொண்டு, தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். குழு எருமப்பட்டிப் பக்கம் கள ஆய்வுக்குப் போயிருப்பதாகவும் வந்ததும் கூப்பிடுவார்கள் என்றும் ஒரு சேவகர் சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறியது. பெஞ்சின் மறுமுனையில், நிறம் போன சேலையில், மெலிந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுத்தாள் வசந்தாமணி. பெயர் சாலம்மாள் என்றும் மேட்டூர்ப் பக்கமிருந்து விடியுமுன்னே கிளம்பி வந்ததாகவும் அவள் சொன்னாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, பொண்ணு விசயமா என்றாள். கல்யாண உதவித்தொகையாக இருக்கும் என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டாள். தான் வந்தது ஊட்டுக்காரர் விசயமா என்று வசந்தாமணி சொன்னதும், சாலம்மாள் பெருமூச்சு விட்டாள். குடியா என்று மெல்லக் கேட்டாள். அதெல்லாம் இல்லைங்கக்கா என்று வசந்தாமணி சிரித்துவிட்டாள். அன்று முழுவதிலும் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மத்தியானமும் ஆயிற்று. வசந்தாமணியின் தக்காளிச் சோற்றை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். சாலம்மாள் மடியிலிருந்த வேகவைத்த கடலைக்காயை எடுத்து வைத்தாள். உரித்த பருப்பைத் தான் தின்னாமல், பழக்கம்போல எதிரே இருப்பவளின் கையில் போட்டுக்கொண்டே இருந்தாள். சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி.

ரிக் உரிமையாளர்கள் கார்களில் வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான். அவர்களுக்குக் கூட்ட நேரம் எப்படியோ முன்பே தெரிந்திருந்தது. அந்த வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் தனபாலின் முதலாளி ஜெகதீஸ்வரனும் இருந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

“ஏனுங் வசந்தாமணி, இந்த வருசம் தறிய உட்டுட்டு ரிக்கு ஓட்டறதா உத்தேசமா?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்டே குனிந்தார். “பாத்துப் பேசோணும். தனபாலு எங்கிட்டத்தான் இருக்கறான்.”

வெயில் சாயத் தொடங்கியபோது குழு வந்தது. உறுப்பினர்களின் முகங்களிலும் களைப்பு அப்பிக் கிடந்தது. பல மாவட்டங்கள் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் பார்வையிட்ட கிணற்றுக்கு அதிகாரிகள் அவசரமாக மூடி போட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள் போலும். காய்வதற்குள் தொட்டுவிட்ட ஓர் உறுப்பினர், கூட்டம் முழுக்கக் கைக்குட்டையால் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

முதலில் உரிமையாளர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு வக்கீலே வந்திருந்தார். பிரிவு சரியாகவே இருக்கிறது, குழியைத் தோண்டியவன்தான் அதற்குப் பொறுப்பு என்று நீளமாகப் பேசினார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டமன்றச் செயலகத்து அலுவலர் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். வசந்தாமணி தன் வாக்கியங்களை மனத்துக்குள் இன்னொரு முறை ஒழுங்காக அடுக்கிக்கொண்டாள்.

அடுத்து அழைத்த பெயர் சாலம்மாளுடையது.

அவள் மைக்கைத் தொடவில்லை. தூரத்தில் நின்றே பேசினாள்.

“எம் புள்ளைக்கு நாலு வயசுங்க சாமி. தீபிகான்னு பேரு. கடலக்கா பறிக்கப் போன காட்டுல எம் பின்னாலயேதான் வந்துட்டிருந்தா. திரும்பிப் பாத்தேன், காணல. அந்தக் குழிமேல வெறும் சாக்கப் போட்டிருந்தாங்க.”

மஞ்சள் விரல்காரர் கைக்குட்டையைக் கீழே வைத்தார்.

“காட்டுக்காரரக் கேட்டேன், ரிக்குக்காரரக் கேளுன்னாரு. அவரு, அனுமதி குடுத்த ஆபீசுல கேளுன்னாரு. ஆபீசுல, போட்டவந்தான் மூடியிருக்கோணும்னாங்க. போட்டவன் வடக்க போயிட்டானாம். எம் புள்ள செத்ததுக்கு ஒருத்தரு பேராச்சும் வேணுமுங்க. போட்டவன் பேரையாச்சும் எழுதுங்க சாமி. அவன உள்ள வைங்க.”

வசந்தாமணியின் கை தானாகவே முந்தானையைப் பற்றியது. தான் மனப்பாடம் செய்து வந்த வரிகள்தானே இவை! காட்டுக்காரரு, ஆபீசு, ஓனரு, வெறும் கை. அதே வரிகளால்தான் ஒருவர் மாற்றி ஒருவர் இந்தத் தாயை வாசல் வாசலாகத் துரத்தியிருக்கிறார்கள். இப்போது அவளும் எழுந்து நின்று அதையே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? வடக்கே வெயிலில் கருகி நிற்கும் அந்த மனிதனுக்கு யார் இருக்கிறார்கள்?

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

“எம் பேரு வசந்தாமணிங்க. எங்க ஊட்டுக்காரரு டிரில்லருங்க.”

சாலம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை வசந்தாமணி எதிர்கொள்ளவில்லை.

“அவரு பேர எடுத்துருங்கன்னு கேக்கத்தான் வந்தனுங்க. இந்தக்கா சொன்னதக் கேட்ட பொறகு எனக்கு வாயி வரலைங்க. அவரு பேரு இருக்கட்டும். ஆனா அவரு பேரு மட்டும் வேண்டாங்க. எடம் காட்டுனவரு, அனுமதி குடுத்தவங்க, மூடறதுக்கு முந்தியே வண்டிய எடுன்னு சொன்ன ஓனரு, அத்தன பேரு பேரையும் எழுதுங்க. ஒருத்தர ஒருத்தரு கை காட்டறதுக்கு எடமே இருக்கக் கூடாதுங்க.”

ஜெகதீஸ்வரனின் முகம் இறுகியது. அனுமதி கொடுத்தவர்கள் என்றதும் ஓரத்தில் நின்ற அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். அடுத்த முறையாவது இந்தக் கூட்டத்தை ஐப்பசியில் வைத்தால் ஆண்களே வந்து சொல்வார்கள் என்றாள் அவள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார் தலைவர்.

பஸ் நிலையத்தில் சாலம்மாள் தள்ளியே நின்றாள். மேட்டூர் பஸ் வந்ததும் ஏறக் காலெடுத்து வைத்தவள், திரும்பி வந்தாள்.

“உம் புருசன் எந்தப் பக்கமெல்லாம் போட்டிருக்காரு?”

“தெரியலைங்கக்கா. கேட்டுச் சொல்றேன்” என்றாள் வசந்தாமணி. அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. சாலம்மாள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

வசந்தாமணி ஊர் போய்ச் சேருமுன்பே செய்தி வடக்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஜெகதீஸ்வரன் போன் செய்து, இந்த வண்டியில் இனி வேலையில்லை என்று சொல்லிவிட்டாராம். உன் பெண்டாட்டி நம்மையும் சேர்த்து உள்ளே தள்ளப் பார்க்கிறாள் என்று கூட வேலை செய்தவர்கள் குத்திக் காட்டினார்களாம். போனில் தனபால் கோபத்தில் கத்துவான் என்றே அவள் காத்திருந்தாள். நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். மறுமுனையில் ரிக் வண்டியின் கம்ப்ரசரின் உறுமல் மட்டும் கேட்டது.

“எந்தப் பக்கம்னு சொன்ன?”

மேட்டூர்ப் பக்கம் என்றாள் அவள்.

“அந்தப் பக்கம் நெறையாப் போட்டிருக்கோம் வசந்தா. தண்ணி வரலீன்னா சாக்கப் போட்டுட்டு கெளம்பிருவோம். எந்தக் காடுன்னெல்லாம் நெனப்பில்ல.” பிறகு அவனே கேட்டான். “நாலு வயசா?”

அதன் பிறகு தனபால், பழைய வண்டி வைத்திருந்த வேறொருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் குறைவு, ஓட்டை வண்டி. மழைக்கு ஊர் திரும்பியபோது, பட்டறையில் கழித்துப் போட்ட தகடுகளை வாங்கி வட்டமாக வெட்டி மூடிகள் செய்து வண்டியில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மசோதா என்ன ஆயிற்று? குழு, எல்லோர் பெயரையும் சேர்த்துத் திருத்தி அறிக்கை கொடுத்தது. பத்திரிகையில் அதைப் படித்த நாளில் வசந்தாமணி மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். ஆனால் அந்தக் கூட்டத்தொடரில் மசோதாவை எடுக்கவில்லை. அடுத்ததிலும் எடுக்கவில்லை. பிறகு தேர்தல் வந்தது, மன்றம் கலைந்தது. மன்றம் கலைந்தால் நிலுவையில் உள்ள மசோதாவும் அதோடு போய்விடுமாம். அவளுக்கு அதை விளங்கவைத்த தறிக்கூடத்துக் கணக்கர், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்.

முதலிலிருந்துதான் ஆரம்பித்தது. புதிய மன்றம், புதிய மசோதா, புதிய குழு. பிரிவில் மறுபடியும் நிலத்துக்காரரும் இயந்திரத்தை இயக்கியவரும்தான். கூட்டமும் மறுபடி பங்குனியில்.

வசந்தாமணி தக்காளிச் சோற்றை இருவருக்கு ஆகிற மாதிரி கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாலம்மாள் வருவாளா என்பது தெரியாது. வந்தால் சொல்ல வேண்டிய பதில் ஒன்று, இத்தனை காலமும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அதே தாழ்வாரம், அதே பெஞ்சு. சாலம்மாள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. வசந்தாமணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“கேட்டுட்டேனுங்கக்கா. அந்தப் பக்கம் போட்டிருக்காரு. எந்தக் காடுன்னு நெனப்பில்லையாம். ஒங்க புள்ள உழுந்த குழி அவரு போட்டதாக்கூட இருக்கலாங்க.”

சாலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூடிய அரங்கக் கதவுக்குப் பின்னால் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்தபோது கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த களைப்பு மட்டும் இருந்தது.

“எல்லாரும் நானில்ல, நானில்லன்னுதான் சொன்னாங்க. எங்களுதா இருக்கலாம்னு சொன்னது நீ ஒருத்திதான்.”

சொல்லிவிட்டுப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காரு. இன்னிக்கும் அவங்க வாரதுக்கு நேரமாகுமாம்.”