பெரிய பானை அளவில் ஒரு குல்லா

போன வாரம் போடி பஜாரில் என்னை வெறுங்கழுத்தோடு பார்த்து நான்கு பேர் மயங்கி விழுந்தார்கள்!

(சரி, ஒருவர். அவரும் வாழைப்பழத் தோலில் வழுக்கினார்.)

என் சிவப்பு மப்ளரை அறியாதார் யார்? ஏழு முழம்! மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது விற்ற சாமான்களில் நான் வென்றெடுத்தது. கார்த்திகையில் அதை நான் கழுத்தில் சுற்றிய பிறகுதான் மேற்கு மலையில் பனி இறங்கவே உத்தரவு!

அந்த மப்ளர் இப்போது இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா மகள் பொன்னுத்தாய் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். அவள் புருஷன் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகிறது. லீவு கிடைக்காமல் மனுஷர் இன்னும் மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

(அந்தப் பயலுக்கு நான் தாத்தா முறையாம்! முப்பத்தொன்பது வயதில்!)

இன்று, புதன்கிழமை, அவள் மலையேற நாள் குறித்திருந்தோம். விட்டால் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் எங்கள் பக்கம் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அப்புறம் தைதான்.

போன வாரம் அக்கா குறுக்கே நின்றாள்.

"அங்கன குளிரு எலும்பைக் கடிக்கும். பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா இல்லாம அனுப்ப மாட்டேன்."

"யம்மா, அவுக இன்னும் பிள்ளை மொகத்தையே பாக்கலம்மா!"

"தையில பாக்கட்டும். மொகம் எங்கன போகப்போகுது?"

பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

யுத்தம் வந்ததிலிருந்து கம்பளி நூல் கடவுள் மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது என்கிறார்கள், கண்ணால் கண்டவர் இல்லை!

"அழாத ஆத்தா! தாய்மாமன் நான் இருக்கேன். நானே பின்னுறேன் குல்லா!" என்று முழங்கினேன். கூரை ஓடு இரண்டு பெயர்ந்தது.

(ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே எனக்குத் தெரியாது.)

நேரே துணிக்கடைக்காரர் சம்சாரம் ஞானம்மா அக்காவிடம் போனேன். மிஷன் ஸ்கூலில் பின்னல் படித்தவர். ஊசிக்கு என் சைக்கிள் சக்கரத்திலிருந்து இரண்டு போக்ஸ் கம்பிகளைக் கழற்றிக் கல்லில் தேய்த்து முனை போட்டேன். (சைக்கிள் இப்போது கள்ளுக்கடையிலிருந்து வருவதுபோல் வருகிறது.)

"ஊசி சரி தம்பி, நூலு எங்க?"

மப்ளரை அவிழ்த்து அவர் கையில் வைத்தேன்.

"பிரிங்கக்கா."

"நெசமாவா? இதை அவுத்துட்டு நீ குளிச்சதாக்கூட நான் கேட்டதில்லையே!"

ஞானம்மா அக்கா ஒரு நுனியை இழுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் என் கம்பீரமெல்லாம் சிவப்பு உருண்டையாகி மடியில் கிடந்தது.

அடுத்தது அளவு. வீட்டுக்கு ஓடி, ஒரு கயிற்றோடு பிள்ளையின் தலையை நெருங்கினேன். அக்கா என் கையில் ஒரு போடு போட்டாள்.

"ஏலே, பச்சப்பிள்ளைய அளக்கக் கூடாதுடா! அளந்தா வளராது!"

ஞானம்மா அக்காவிடம் வெறுங்கயிற்றோடு திரும்பினேன்.

"தலை எம்புட்டுத் தம்பி இருக்கும்?"

"எங்க வம்சத்துத் தலைக்கா! பெரிய பானை கணக்கா இருக்கும்!"

"பெத்தவ பாவம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கணக்குக்கே ஊசியில் கண்ணி போட்டு, பின்னவும் சொல்லிக் கொடுத்தார்.

நான்கு நாள் பின்னினேன். பஜாரே கூடி வேடிக்கை பார்த்தது. டீக்கடைக்காரன் மட்டும் வாயை அடக்கவில்லை.

"ஏண்ணே, உங்களுக்கு வளைகாப்பு எப்ப?"

"உன் டீயக் குடிச்சிட்டும் உசுரோட இருக்கேனே, அதை விடவாடா இது அதிசயம்?"

இன்று விடிந்தது. வாசலில் வண்டி பூட்டியாயிற்று. மூட்டைகள் ஏறியாயிற்று. ராஜாவுக்கு முடிசூட்டும் மந்திரி மாதிரி குல்லாவைப் பிள்ளைக்கு அணிவித்தேன்.

நெற்றியைத் தாண்டியது. மூக்கைத் தாண்டியது. தோளையும் இடுப்பையும் தாண்டி முழங்காலில் போய் நின்றது.

பிள்ளையைக் காணோம்!

"இது குல்லாவாடா? தவிட்டுச் சாக்குடா! மூட்டைய எறக்குங்க. தையில போகலாம்" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. பொன்னுத்தாய் முகம் செத்துவிட்டது.

அப்போதுதான் பொன்னுத்தாய் குல்லாவை உருவித் தலைகீழாகத் திருப்பினாள். பிள்ளையைக் கால் முதலாக உள்ளே இறக்கினாள். மிச்சமிருந்த விளிம்பைப் பின்பக்கமிருந்து இழுத்து, மலைக்காரர்கள் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போடுவார்களே, அந்த மாதிரி தலைக்கு மேல் போட்டாள். தன் சடை ரிப்பனை அவிழ்த்து நெஞ்சைச் சுற்றி ஒரு கட்டு.

முகம் மட்டும் தெரிந்தது. கொட்டாவி விட்டான் பயல்!

அக்கா அந்தக் குல்லாப் பைக்குள் கையை விட்டு அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவேயில்லை.

"சூடாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அவன் நெற்றியில் திருநீறு இட்டாள். "போயிட்டு வா. மாப்பிள்ளைய நான் கேட்டதாச் சொல்லு."

முந்தல் மலையடிவாரம்வரை வண்டியில் கூடவே போனேன். அங்கே ஏலக்காய் பறிக்க மலையேறும் ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை, அதன்மேல் கிழிந்த வேட்டித் துண்டு.

"இது எந்தக் கடையில வாங்குனீக?" என்று பொன்னுத்தாயிடம் கேட்டாள்.

"கடையில எங்க? எங்க மாமா பின்னுனது!"

அவள் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள்.

"ஆம்பளையா! எம்பிள்ளைக்கும் ஒண்ணு பின்னித் தருவீகளாண்ணே? தை பொறந்ததும் சந்தைக்கு எறங்குவேன்."

"ஒண்ணென்ன தாயி, ஒம்பது தாரேன்!"

சொல்லிவிட்டேன். கையில் ஒரு முழம் நூல்கூட இல்லை.

ஆகவே சொந்தங்களே, உங்கள் பெட்டி அடியில் பூச்சி அரித்துக் கிடக்கும் கம்பளி, கிழிந்த ஸ்வெட்டர், ஒற்றைக் காலுறை எதுவானாலும் சரி. பிரித்துக்கொள்வது என் பொறுப்பு.

யார் வீட்டில் என்ன இருக்கிறது? சீக்கிரம் சொல்லுங்கள்! தைக்கு இன்னும் ஒரு மாதம்தான், அந்தப் பிள்ளை அதுவரை வேட்டித் துண்டோடுதான் மலைமேல் இருக்கும்.